சாளரத்துச் சிறுவரும் தெருவோரத்துக் கூட்டமும்

பழைய நிழற்படம் ஒன்றைக் கையிலெடுக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி "இவர் யார்?" என்பதாகவே இருக்கும். "இது எந்த இடம்? எந்த நாள்? இதை எடுத்தவர் எங்கே நின்றார்? எதற்காக நின்றார்?" என்னும் கேள்விகள் அதன் பின்னரே எழுகின்றன. பல வேளைகளில் அவை எழாமலே போகின்றன. புகழ்பெற்ற ஒருவரின் பெயர் கிடைத்துவிட்டால் மனம் நிறைவடைந்து விடுகிறது. படத்தில் உள்ள மற்ற ஆயிரம் முகங்களும் அந்த ஒரு பெயருக்குப் பின்புலமாகச் சுருங்கி விடுகின்றன. இவ்வழக்கத்தால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை, ஒரே தெருவில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட இருவகை நிழற்படங்களை ஒப்பு நோக்கிக் காண முற்படுவோம். தெரு, நியூயார்க் மாநகரின் பிராட்வே. நாள், 1865 ஏப்ரல் 25. நிகழ்ச்சி, ஆபிரகாம் லிங்கனின் இறுதி ஊர்வலம்.

அந்த நாள்

1865 ஏப்ரல் 14, பெரிய வெள்ளியன்று இரவு, வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கில் குடியரசுத் தலைவர் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலையில் உயிர் நீத்தார். தென்னகப் படைத்தலைவர் லீ சரணடைந்து ஒரு வாரம்கூட நிறைவுறாத வேளை அது. நான்காண்டுப் போர் ஓய்ந்ததென மகிழ்ந்திருந்த வடபுலத்து நகரங்கள் ஒரே இரவில் கறுப்புத் துணி உடுத்தின. ஏப்ரல் 21 அன்று அவரது உடலைத் தாங்கிய இரயில் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு, நகர் நகராக நின்று, ஏறத்தாழ 1,650 மைல் கடந்து, மே 3 அன்று இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. மே 4 அன்று அங்கே அடக்கம் நிகழ்ந்தது.

இவ்வழியில் நியூயார்க் ஒரு பெரிய நிறுத்தம். ஏப்ரல் 24 அன்று ஜெர்சி நகரிலிருந்து படகில் ஹட்சன் ஆற்றைக் கடந்து வந்த உடல், நகர மன்றக் கட்டடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பகலும் இரவும் வரிசை ஓயவில்லை. மறுநாள் நண்பகலுக்குப் பின், பதினாறு குதிரைகள் பூட்டிய உயரமான சவ வண்டியில் பேழை ஏற்றப்பட்டு, பிராட்வே வழியே வடக்கு நோக்கிச் சென்றது. பதினான்காம் தெருவில் யூனியன் சதுக்கத்தை ஒட்டித் திரும்பி, ஐந்தாம் நிழற்சாலையைக் கடந்து, ஆற்றங்கரை இரயில் நிலையத்தை அடைவது அதன் வழி. நடந்தோர் 75,000 பேர் வரை இருப்பர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வழியோரத்தில் நின்றோரின் தொகை அதைப் போலப் பன்மடங்கு. சாளரங்களும் கூரைகளும் வாடகைக்கு விடப்பட்டன எனச் செய்தித்தாள்கள் எழுதின.

நிழற்படக் கலைஞர்கள் பலர் அந்நாளில் பிராட்வேயிலேயே தொழில் நடத்தி வந்தமையால், ஊர்வலம் தங்கள் வாயிற்படி வழியே செல்லும் என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருந்தனர். எனவே படங்கள் எடுக்கப்பட்டதில் வியப்பில்லை. அவற்றில் எவை அந்நாளுக்குரியவை எனப் பின்னாளில் கண்டறிவதே கடினமாயிற்று.

சாளரத்தில் இரு தலைகள்

முதற்படம் உலகறிந்தது. யூனியன் சதுக்கத்தருகே, பிராட்வேயும் பதினான்காம் தெருவும் கூடும் மூலையில் ஒரு பெரிய மாளிகை. அதன் முன்னே ஊர்வலம் நகர்கிறது. மாளிகையின் மாடிச் சாளரம் ஒன்றில் மிகச் சிறியனவாக இரு உருவங்கள் தெரிகின்றன. லிங்கனைப் பற்றிய படநூலுக்காக உழைத்த ஸ்டெஃபான் லோரன்ட் என்னும் ஆசிரியர், அம்மாளிகை கார்னீலியஸ் ரூஸ்வெல்ட் என்பவருடையது என்பதை எடுத்துக்காட்டினார். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான தியடோர் ரூஸ்வெல்டின் பாட்டனார். அப்படியாயின் சாளரத்துச் சிறுவர் தியடோரும் அவருடைய தம்பி எலியட்டுமாக இருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அன்று தியடோருக்கு வயது ஆறரை, எலியட்டுக்கு ஐந்து.

லோரன்ட் 1948இல் மறைந்த தியடோரின் மனைவி எடித் அம்மையாரிடம், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, அப்படத்தைக் காட்டியிருந்தார். ஆம், தம் கணவரும் அவர் தம்பியும் என்றே நினைப்பதாக அம்மையார் கூறினார். அத்தோடு ஒரு நினைவையும் பகிர்ந்தார். சிறுமியாகிய தாமும் அன்று அம்மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டதாகவும், கீழே எங்கும் தொங்கிய கறுப்புத் துணிகளைக் கண்டு அஞ்சி அழுததாகவும், அழுகையைப் பொறாத சிறுவர் இருவரும் தம்மைப் பின்னறை ஒன்றில் அடைத்து விட்டதாகவும், ஆகவே தாம் ஊர்வலத்தைக் காணவே இல்லை என்றும் சொன்னார்.

படிப்போர் மனத்தைக் கவரும் நிகழ்ச்சிதான். ஒரு குடியரசுத் தலைவரின் பேழை தெருவில் போகிறது. வருங்காலக் குடியரசுத் தலைவர் சிறுவனாக மேலிருந்து பார்க்கிறார். அவருக்கு மனைவியாகப் போகும் சிறுமி பின்னறையில் அழுகிறாள். புதினம் எழுதுவோர்கூட இத்தனை பொருத்தத்தை ஒரே இடத்தில் வைக்கத் தயங்குவர். எனவேதான் இதைச் சற்று நின்று ஆராய வேண்டியுள்ளது.

இக்கூற்றில் மூன்று அடுக்குகள் உள்ளன. அம்மாளிகை ரூஸ்வெல்ட் குடும்பத்தினருடையது என்பது முதலடுக்கு. இது உறுதியானது, தெருவும் மூலையும் கட்டடமும் எவரும் சரிபார்க்கக் கூடியவை. அச்சிறுவர் இருவரும் அன்று அம்மாளிகையில் இருந்தனர் என்பது இரண்டாம் அடுக்கு. இதற்கு எடித் அம்மையாரின் நினைவே சான்று. நான்கு வயதுகூட நிரம்பாத பருவத்து நினைவுதான் அது. எனினும் அச்சமும் அவமானமும் கலந்த நினைவுகள் நெஞ்சில் நீடிப்பது இயல்பு. தமக்கு எவ்விதப் பெருமையும் தராத ஒன்றை அவர் சொல்கிறார் என்பதும் அந்நினைவுக்கு வலுவூட்டுகிறது. ஆகவே இரண்டாம் அடுக்கையும் நாம் பெரும்பாலும் ஏற்கலாம்.

மூன்றாம் அடுக்கு, சாளரத்தில் தெரியும் அவ்விரு உருவங்கள் அவ்விரு சிறுவரே என்பது. இங்கேதான் தயக்கம் எழுகிறது. முகம் தெரியாத அளவு சிறிய உருவங்கள் அவை. உருவத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண எவராலும் இயலாது. இன்னார் வீடு என்று அறிந்த பின்னரே உருவங்களுக்குப் பெயர் வந்தது. எண்பதாண்டுக்குப் பின் அந்தப் படம் கைக்கு வந்தபோது, அம்மையாரும் "என்று நினைக்கிறேன்" என்ற அளவில்தான் பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்வலம் கடந்த வேளையில் தாம் பின்னறையில் அடைபட்டிருந்ததாகச் சொல்பவர் அவரே. அவ்வேளையில் முன்சாளரத்தில் நின்றவர் யார் என்பதற்கு அவர் கண்கண்ட சாட்சியாதல் எங்ஙனம்? அவருடைய நினைவை நாம் எவ்வளவு நம்புகிறோமோ, அவ்வளவுக்கு அச்சாளரத்தைப் பற்றி அவர் சான்று பகர இயலாதவராகி விடுகிறார்.

இதனால் அக்கூற்று பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையாக இருக்கப் பெரிதும் வாய்ப்புள்ள கூற்றே அது. ஆயினும் "இருக்கலாம்" என்ற சொல், ஒரு நூலிலிருந்து மறு நூலுக்குப் போகும் வழியில் உதிர்ந்து, இன்று பல இடங்களில் "இதோ ரூஸ்வெல்ட்" என்றே அச்சாகிறது. முதலாவதாகச் சொன்ன மூதாட்டியின் அடக்கம், அவரை எடுத்தாண்டோரிடம் இல்லை.

ஆலயத்தின் முன் ஒரு தெரு

இனி இரண்டாம் வகைப் படங்களைக் காண்போம். அவ்வளவாக அறியப்படாதவை இவை. உள்நாட்டுப் போரைப் படமெடுத்துப் புகழ்பெற்ற மாத்யூ பிரேடியின் கண்ணாடித் தட்டுகளை அமெரிக்கப் போர்த்துறை 1874, 1875 ஆம் ஆண்டுகளில் விலைக்கு வாங்கியது. பின்னர் அவை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன. பல்லாயிரம் தட்டுகளுக்கிடையே, ஓர் ஆலயத்தின் முன் தெருவில் மக்கள் கூடி நிற்கும் காட்சிகள் சில இருந்தன. எந்த நிகழ்ச்சி, எந்த நாள் என்ற குறிப்பு அவற்றுக்கில்லை. எவரும் அவற்றைப் பொருட்படுத்தவும் இல்லை. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட படிகளைப் பொறுமையாகப் பார்த்த, ஓய்வு பெற்ற அரசுக் கணக்கர் ஒருவரே, இவை லிங்கனின் இறுதி ஊர்வல நாளில் எடுக்கப்பட்டவை என்று வாதிட்டார். 2014இல் இச்செய்தி வெளியாயிற்று. துறையறிந்தோர் பலரும் அது ஏற்புடையதே எனக் கருதினர்.

கணக்கர் ஒருவர் இதைக் கண்டார் என்பது பொருத்தமே. வரவும் செலவும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பதே அவர் தொழிலின் அறம். இவ்வடையாளம் எவ்வாறு தாங்கி நிற்கிறது என்பதை நாமும் நம் அளவில் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் கட்டடம். பிராட்வேயில் பத்தாம் தெருவருகே தெரு சற்றே வளைகிறது. அவ்வளைவில் நிற்பது கிரேஸ் ஆலயம். எபிஸ்கோப்பல் சபையினருடையது, 1846இல் முடிக்கப்பட்டது. இதை அமைத்த ஜேம்ஸ் ரென்விக் என்னும் இளைஞரே பின்னாளில் அந்நகரின் புனித பாட்ரிக் கத்தோலிக்கப் பேராலயத்தையும் வடிவமைத்தார். கிரேஸ் ஆலயம் இன்றும் உள்ளது. அதன் வாயிலையும் வளைவுகளையும் கல்வேலைப்பாட்டையும் பழைய படத்தோடு வைத்து எவரும் ஒப்பிடலாம். மாறியவையும் உதவுகின்றன. தொடக்கத்தில் மரத்தாலான அதன் கூர்ங்கோபுரம் 1880களில்தான் பளிங்குக் கல்லாலானது. இத்தகைய மாற்றங்கள் ஒரு படத்துக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்துத் தருகின்றன.

அடுத்து, படமெடுத்தவர் நின்ற இடம். ஆலயம் பிராட்வேயின் கிழக்கு ஓரத்தில் உள்ளது. பிரேடி தம் நியூயார்க் படக்கூடத்தை 1860 முதல் 785 ஆம் எண் கட்டடத்தில், அதாவது மேற்கு ஓரத்தில், பத்தாம் தெருவருகே நடத்தி வந்தார். ஆலயத்தைச் சற்று உயரத்திலிருந்து எதிரே நோக்கும் படம், பிரேடியின் தட்டுகளிடையே கிடைக்கிறதென்றால், படக்கருவி அவருடைய சாளரத்தில் நின்றது என்று கொள்வதில் வலிந்து பொருள் கொள்ளல் எதுவுமில்லை. கட்டடமும் படக்கூடமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன.

மூன்றாவதாக நிகழ்ச்சி. இங்கு ஒரு தடை உண்டு. கூட்டத்தைக் கண்டவுடன் ஊர்வலம் என்று முடிவு செய்தல் ஆகாது. ஏனெனில் இதே ஆலயத்தின் முன் வேறொரு நாளிலும் பெருங்கூட்டம் கூடியது. 1863 பிப்ரவரி 10 அன்று, பார்னம் என்னும் காட்சி நடத்துநரால் புகழ் பெற்றிருந்த குள்ள உருவினர் 'டாம் தம்' எனப்பட்ட சார்லஸ் ஸ்ட்ராட்டனுக்கும் லவினியா வாரனுக்கும் இவ்வாலயத்தில் திருமணம் நடந்தது. போர்ச் செய்திகளைக்கூட மறந்து மக்கள் பிராட்வேயை அடைத்து நின்றனர். அதையும் பிரேடியின் சாளரத்திலிருந்து பார்த்திருக்கலாம். ஒரே ஆலயம், ஒரே சாளரம், ஒரே வகைக் கூட்டம். ஒன்று திருமணம், மற்றொன்று மரணம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பெயரிட்டால், கூத்துப் பார்க்க வந்தவரைத் துக்கம் காக்க வந்தவராக்கி விடுவோம்.

பிரித்தறிவது எப்படி? மக்கள் பனிக்கால உடையில் உள்ளனரா, வசந்தகால உடையிலா? மரங்களில் துளிர் உண்டா? தெருவின் நடுப்பகுதி திறந்து விடப்பட்டு மக்கள் ஓரங்களில் ஒழுங்காக நிற்கின்றனரா, ஆலய வாயிலையே நெருக்குகின்றனரா? அவர்களது முகங்கள் ஆலயத்தை நோக்கியா, தெருவை நோக்கியா? ஆடவர் தொப்பிகளைக் கழற்றியிருக்கின்றனரா? கட்டடங்களில் துக்கத்தின் கறுப்பு உள்ளதா? ஆலயத்தின் முகப்பு மேற்கு நோக்கியதாகையால், அதன்மீது வெயில் எவ்வாறு விழுகிறது, அதாவது அது பிற்பகல்தானா? திருமணம் காண வந்தோர்க்கு ஆலய வாயிலே குறி. ஊர்வலம் காண வந்தோர்க்குத் தெருவே குறி. இக்கேள்விகள் அனைத்துக்கும் விடைகள் ஒரே நாளை நோக்கிக் கூடும்போதே, "இந்நாள்" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கு வேண்டும் என்பது பழைய நெறி. அச்சாட்சிகள் ஒருவரையொருவர் கேட்டுச் சொல்லாதவராக இருத்தல் வேண்டும் என்பதும் அந்நெறியின் உட்பொருளே. கல்லும் வெயிலும் உடையும் ஒன்றையொன்று கேட்டுச் சொல்வதில்லை.

அசையாது நின்றவரும் அசைந்து மறைந்தவரும்

அக்காலத்துப் படமெடுக்கும் முறையையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் என்னும் பசை நீர்மத்தைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் ஒளியில் காட்டி, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். மொத்தமும் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டிய வேலை. ஆகவே படமெடுப்பவர் நினைத்தவுடன் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்துவிட இயலாது. ஊர்வலத்தின் எப்பகுதி வரும்போது தட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று முன்னரே கணக்கிட்டாக வேண்டும்.

பெரிய தட்டுகளுக்கு ஒளி காட்டும் நேரமும் மிகுதி. அசையாது நின்றவர் தெளிவாகப் பதிவர். அசைந்தவர் மங்கிய புகைபோல் படிவர். விரைந்து சென்றவர் பதியாமலே போவர். இதன் விளைவை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது. எவருக்காக அத்தட்டு ஆயத்தமாக்கப்பட்டதோ அவரது பேழை மங்கிப் போகவோ மறையவோ கூடும். அவரைக் காண வந்து, தொப்பியைக் கையில் பிடித்து, ஓரமாக அசையாது நின்ற பெயரறியாத மனிதரோ இன்றளவும் தெளிவாக நிற்கிறார். கருவியின் குறைபாடு என்று இதைக் கொள்வது எளிது. ஆனால் அந்நாளின் உண்மையை இதுவே நேர்மையாகச் சொல்கிறது எனலாம். துக்கம் காத்தவர் அவரே, நின்றவர் அவரே.

நியூயார்க் மக்களுக்கு லிங்கனின் முகத்தைக் காட்டிய படம் ஒன்றும் இருந்தது. ஏப்ரல் 24 அன்று நகர மன்றக் கட்டடத்தில் ஜெரமையா கர்னி என்னும் கலைஞர், திறந்த பேழையையும் அதன் இருபுறம் நின்ற படை அலுவலர்களையும் படமெடுத்தார். இறந்தவரின் குடும்பத்தார் அதை விரும்பவில்லை. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் சினந்து, தட்டுகளை அழிக்க ஆணையிட்டார். ஒரேயொரு படி மட்டும் அவர் கையில் எஞ்சி, வேறு தாள்களோடு இல்லினாய் மாநில வரலாற்று நூலகத்தைச் சேர்ந்து, 1952இல் பதினான்கு வயது மாணவன் ஒருவன் கண்ணில் பட்டது. ஆக, தலைவரின் முகம் பதிந்த படம் மறைக்கப்பட்டது. மக்களின் முகங்கள் பதிந்த படம் மறக்கப்பட்டது. முன்னதைத் தேடிக் கண்டடைய அறுபத்திரண்டு ஆண்டுகள் முன்னதாகவே ஒருவர் வாய்த்தார். பின்னதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

தேடுவோரின் ஆசை

பெயர் தேடும் ஆசை தனியே விடப்பட்டால் எங்குக் கொண்டு செல்லும் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் உரையாற்றிய நாளில் எடுக்கப்பட்ட கூட்டப் படமொன்றில், மேடையருகே தொப்பியின்றி இருக்கும் உருவம் அவரே என்பதை 1952இல் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஜோசஃபின் காப் அம்மையார் கண்டறிந்தார். மேடை எங்கிருக்க வேண்டும், அவர் எங்கு அமர்ந்திருக்க வேண்டும் என்பதை முதலில் வகுத்துக்கொண்டு, அதன் பின்னரே முகத்தைத் தேடிய முறை அது. பின்னாளில், அதே நாளின் வேறு படங்களில் உயர்ந்த தொப்பியணிந்த ஒருவரைச் சுட்டி, "இவரே லிங்கன்" என 2007இல் ஒருவர் சொன்னார். "அவரல்லர், இவர்" என அதே படத்தொகுதியில் மற்றொருவரை 2013இல் வேறொருவர் சுட்டினார். தாடியும் உயர் தொப்பியும் அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர்க்கு உரியவை. இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. அப்படியாயின் ஏதேனும் ஓர் அயலார், தாம் யாரென்று சொல்ல வாயில்லாமல், வேறொருவர் பெயரைச் சுமந்து அப்படத்தில் நிற்கிறார்.

இதில் என்ன தீங்கு என வினவலாம். தவறான பெயர் இருவருக்கு இழப்பு என்பதே நம் விடை. பெயருக்குரியவர் தாம் இராத இடத்தில் நிறுத்தப்படுகிறார். அங்கு உண்மையில் நின்றவரோ தம் ஒரே சுவட்டையும் இழக்கிறார். புகழ்பெற்றவர்க்கு வேறு நூறு படங்கள் உண்டு. அந்த அயலார்க்கு உலகில் எஞ்சியது அந்த ஒன்றாகவே இருக்கலாம்.

படத்தில் விழாதோர்

இனி, எந்தச் சாளரத்திலிருந்து பார்த்தாலும் எளிதில் கண்ணில் படாத ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பிராட்வேயின் இப்படங்களைக் காட்டுவோர், "நகரமே ஒன்றாய் நின்று அழுதது" என்று எழுதுவது வழக்கம். அந்நகரம் அவ்வாறு ஒன்றாய் நிற்கவில்லை.

லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டவர். அவர் பேழையின் பின்னே நடக்க நியூயார்க்கின் கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் ஆயத்தமாயினர். மாநகர மன்றத்தார் அவர்களுக்கு இடமில்லை என்றனர். முறையீடுகள் எழுந்தன. நிற வேறுபாடு காட்டாது ஊர்வலத்தில் அனைவரையும் சேர்க்க வேண்டும் என்பதே செயலரின் விருப்பம் எனப் போர்த்துறைத் துணைச் செயலர் சார்லஸ் டேனா, நியூயார்க்கில் படைப் பொறுப்பிலிருந்த தளபதி டிக்சுக்குத் தந்தி அனுப்பினார். அதன் பின்னர் இடம் கிடைத்தது. ஆயினும் ஊர்வலத்தின் கடைக்கோடியில், காவலர் துணையோடு. ஆயிரங்கள் குறைந்து, இறுதியில் நடந்தோர் இருநூறு முதல் முந்நூறு பேர் வரையே என்பர். லிங்கனைத் தங்கள் விடுதலையாளராகப் போற்றும் பதாகையை அவர்கள் ஏந்திச் சென்றனர். அவர்கள் நடந்து முடியுமுன்னரே, மாலை நான்கு மணியளவில், பேழையைத் தாங்கிய இரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு விட்டது.

அவர்களது அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஈராண்டுகூட ஆகவில்லை, 1863 ஜூலையில் கட்டாயப் படைச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலகம் அந்நகரில் கருப்பினத்தார் மீதான கொலைவெறியாக மாறியிருந்தது. ஐந்தாம் நிழற்சாலையில் கருப்பினச் சிறார்க்கான அனாதை இல்லம் எரிக்கப்பட்டது. மாண்டோர் 120 பேரளவில் எனக் கணக்கிடப்படுகிறது. கலகம் செய்தோரில் பலர் அயர்லாந்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் குடியேறிய ஏழைத் தொழிலாளர், அதாவது கத்தோலிக்கர். நோயுற்றிருந்த பேராயர் ஜான் ஹியூஸ் தம் இல்லத்து மாடியிலிருந்து அவர்களை அமைதி காக்க வேண்டினார். தாமே ஒடுக்கப்பட்டு வந்தோர், தம்மினும் ஒடுக்கப்பட்டோர் மேல் கை ஓங்கிய அந்நாள்களைக் கத்தோலிக்க வாசகராகிய நாம் மூடிவைத்துக் கடந்து போதல் முறையன்று.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். ஈரத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு படமெடுப்போர் காத்திருந்தது சவ வண்டிக்காக. அது கடந்ததும் அவர்தம் வேலை முடிந்தது; தெருவோரத்துக் கூட்டமும் கலையத் தொடங்கும். மணிக்கணக்கில் நீண்ட ஊர்வலத்தின் கடைக்கோடியில் நடந்து வருவோருக்காக மற்றொரு தட்டை ஆயத்தமாக்கக் காத்திருக்கும் காரணம் அவர்களுக்கில்லை. மாநகர மன்றம் அவர்களைக் கடைசியில் நிறுத்தியது. கடைசியில் நிற்பதால் அவர்கள் படத்தினின்றும் விலக்கப்பட்டனர். முதல் விலக்கை ஆணையிட்டுச் செய்தனர். இரண்டாம் விலக்கை எவரும் ஆணையிட வேண்டியிருக்கவில்லை. எனவே இத்தகைய படத்தின் அடியில் "நகரமே அழுதது" என்று எழுதுவோர், அன்று மன்றத்தார் செய்ததைத் தம்மையறியாமல் மீண்டும் செய்கின்றனர்.

திறனாய்வு நமக்குச் சொல்வது

இரு அடையாளங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில், அறியப்படாத கணக்கரின் அடையாளமே நம் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது. அவர் எவருக்கும் பெயர் சூட்டவில்லை. ஒரு தெருவுக்கு அதன் நாளைத் திருப்பித் தந்தார், அவ்வளவே. நாள் கிடைத்தவுடன் கூட்டம் கூட்டமாகவே நின்று, ஆனால் பொருள் பெற்றது. தெருவில் காத்திருக்கும் எவரோ சிலராக இருந்தவர்கள், இறந்தவர் ஒருவருக்கு மரியாதை செலுத்த வந்தவர்களாயினர். சாளரத்துச் சிறுவர் பற்றிய கூற்றோ, நடந்தது எல்லாவற்றையும் இரு சிறு தலைகளுக்குள் அடக்கிவிடுகிறது. அதைச் சொன்ன மூதாட்டியின் நினைவு அரியது, அதைப் போற்றுவோம். அதற்குமேல் அதனிடம் கேட்காதிருப்போம்.

பழைய படங்களை அடையாளம் காண்போர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு இதிலிருந்து தெளிவாகிறது. முதலில் இடம், பின் படமெடுத்தவர் நின்ற நிலை, பின் காலம், பின் நிகழ்ச்சி, எல்லாவற்றுக்கும் இறுதியில், சான்று இடந்தருமாயின், பெயர். ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய உறுதியின் அளவைத் தனித்தனியே சொல்லுதல் வேண்டும். வீடு உறுதி, நாள் உறுதி, ஆள் ஐயம் எனின், அவ்வாறே எழுதுதல் வேண்டும். "இருக்கலாம்" என்ற சொல்லை உதிர்த்து விடுவது சுருக்கம் கருதிச் செய்யும் சிறு குற்றமாகத் தோன்றலாம். அது சாட்சியின் வாயில் அவர் சொல்லாததை வைப்பதாகும். அத்தோடு, இப்படத்தில் யார் இல்லை, ஏன் இல்லை என்ற கேள்வியையும் விடாது கேட்டல் வேண்டும். படத்தின் ஓரத்தோடு தெரு முடிந்து விடுவதில்லை.

பதினாறு குதிரைகளும் பேழையும் கடந்து சென்ற பின்னர், படக்கருவிகள் மூடப்பட்ட பின்னர், காவலர் இருமருங்கும் வர, பதாகை ஒன்றைத் தாங்கி நடந்த அந்தச் சில நூறு பேரும் இதே கிரேஸ் ஆலயத்தைக் கடந்தே சென்றனர். அவர்கள் வந்தபோது வழியோரத்தில் எஞ்சி நின்றோர் கைதட்டி வரவேற்றனர் என்று அந்நாளைய செய்திகள் கூறுகின்றன. அப்படங்களை இனி எங்கேனும் காண நேர்ந்தால், அவர்களுக்கும் அத்தெருவில் ஓர் இடம் விட்டே அவற்றைப் பார்ப்போம்.